வெள்ளையடித்த மூளை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பாழாய்ப்போன வாசனை உண்டு. ஜன்னலைத் திறக்கக்கூடாத அறை, நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும் கணினிகள், யாரோ பாதி குடித்து மூடி வைத்து மறந்துபோன காபிக் கோப்பை. இத்தனைக்கும் மேல் மேடம் அடிக்கச் சொல்லும் ரோஜாப்பூ ஸ்பிரே. கோப்பையை எடுத்துக் கழுவ மாட்டார்கள். அதன்மேல் ரோஜாவைத் தெளிப்பார்கள். சேர்ந்த புதிதில் எனக்குத் தலைவலிதான் வந்தது. குமட்டல் பிறகுதான் வந்தது.

வேலை இதுதான். ஸ்கேன் எடுத்த தலைப்படங்கள் வரும். ஒரு மென்பொருள் அந்தப் படத்திலிருந்து மண்டையோட்டை உரித்துப் போட்டுவிட்டு, மூளைக்குள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதிக்கும் அதன்மேல் போர்த்தியிருக்கிற சாம்பல் பகுதிக்கும் நடுவே ஒரு மஞ்சள் கோடு போடும். வெள்ளைப் பகுதி என்பது வயர்க் கட்டு மாதிரி. கையை ஆட்டு, காலைத் தூக்கு, சூடு பட்டது என்று சேதி போகும், வரும். கோடு சரியாக விழுந்தால் சாம்பல் பட்டை எவ்வளவு தடிமன் என்று அளக்கலாம். அளந்தால் கட்டுரை எழுதலாம். கட்டுரை வந்தால் மேடம் விமானம் ஏறலாம்.

கோடு அவ்வளவு சுலபமாகச் சரியாக விழாது. படத்தில் வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளையைச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு உள்ளே குழி விழுந்து போகும். அங்கேதான் நாங்கள். குழி விழுந்த இடத்தில் மவுஸால் ஒரு புள்ளி வைப்போம். கன்ட்ரோல் பாயிண்ட் என்று பெயர். ‘இது வெள்ளைதான், நான் பொறுப்பு’ என்று கம்ப்யூட்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற புள்ளி அது. கம்ப்யூட்டர் அப்பாவி, நம்பிவிடும். அந்த இடத்தையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து வெளிச்சமேற்றிவிட்டு, கோட்டைத் திரும்பப் போடும்.

அதனால்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சந்தேகமே இல்லாத வெள்ளையில் மட்டும் புள்ளி வை. கறுப்பாக ஏதாவது தெரிந்தால் கையை எடு, அசல் படத்தைத் திறந்து அது என்னவென்று பார். பயிற்சியின் முதல் நாளே சொல்வார்கள். சொல்வதோடு சரி.

புள்ளி வைக்கிறவன் பெயர் எனக்கே மறந்துவிட்டது, எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவோம். அவன் கை பட்ட மூளையெல்லாம் பளபளக்கும். மேடு பள்ளம் சீராக, மடிப்பு மடிப்பாக, கண்ணாடிக் கடையில் வைக்கிற சாமான் மாதிரி இருக்கும். ஆய்வகத்துக்கு வெளியே நடைபாதையில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிற மூளைப் படம் அவன் செய்ததுதான். அப்பா டாக்டர், அம்மா டாக்டர், வீட்டு நாய்க்கும் ஏதாவது பட்டம் இருக்கும். நல்ல பையன்தான். மரியாதை தெரியும். ஆனால் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து நடுவில் இருப்பதை நக்கிவிட்டு அதே கையால் மவுஸைப் பிடிப்பான். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எனக்கு வேலை வந்தால், நான் முதலில் மவுஸைத் துடைப்பேன், ஒட்டும்.

என் வேலை அவன் முடித்ததைச் சரிபார்ப்பது, கோடு நேராக விழுந்திருக்கிறதா என்று மட்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை அங்கே யாரும் மறக்கவில்லை. என்னையும் மறக்க விடவில்லை. ஒருநாள் மேடம் கூப்பிட்டு, “கண்ணு, ஆரோக்கியமா இருக்கறவங்க குரூப்புக்கு ஆள் பத்தல. இதுவரைக்கும் வந்ததெல்லாம் புரொபசரோட மனைவி, டாக்டரோட மாமியார். படிக்காத, வயசான, உடம்பு உழைச்சவங்க வேணும். உங்க பக்கத்து ஆளுங்க யாராவது இருப்பாங்களே?” என்றார்.

உங்க பக்கத்து ஆளுங்க. மேடம் எல்லோரையும் கண்ணு என்பார். தேனில் முக்கி எடுத்த வார்த்தை. வாயைக் கழுவினாலும் போகாது.

நான் பெரியம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மாவுக்கு அக்கா. எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை. அம்மா வேலைக்குப் போன நாட்களில் என்னைத் தரதரவென்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனவள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று வரிசையில் முண்டியடித்து முன்னால் போய் நின்று மூன்று பேரோடு சண்டை போட்டவள். நாக்கு என்றால் அப்படி ஒரு நாக்கு. வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல்லின் உலோக மூடி மின்னும். ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “உள்ள யாரோ கதவை உடைக்கற மாதிரி தட்டிட்டே இருக்காங்கடி. திறக்கத்தான் ஒருத்தரும் இல்ல.”

கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு சீட்டு வந்தது. ‘கவனிக்கத்தக்க குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதி, ஸ்கேன் டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். படங்களைப் பார்த்து ஏதாவது நோய் தெரிகிறதா என்று சொல்வது அவர் பொறுப்பு. பெரியம்மா அந்தச் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு மூளை இருக்குன்னு எழுத்துல குடுத்திருக்காங்க. உங்க பெரியப்பாவுக்கு இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்?”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருநாள் அவள் கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்தது. “கை தூங்கிடுச்சு,” என்றாள். இன்னொரு நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா டாக்டரிடம் போ என்றாள். பெரியம்மா கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து ஆட்டினாள். “தலைக்குள்ள பூந்து பார்த்தவனே ஒண்ணுமில்லைங்கறான். நீ போடி வேலையைப் பாத்துக்கிட்டு.”

அந்தச் சீட்டைச் சலவைப் பகுதி மேற்பார்வையாளரிடமும் காட்டி, படுக்கை விரிப்புகளை அழுத்தித் தேய்க்கிற பெரிய சூட்டு உருளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். வெறுமனே மடித்து அடுக்குவது அவளுக்குக் கௌரவக் குறைவாம்.

எங்கள் கட்டுரையை அனுப்பியிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் ஆரோக்கியமானவர் குரூப்பின் கோடுகளை ஒருமுறை மறுபடி சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மேடம் அதை என் தலையில் கட்டினார். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு படத்தில் நின்றேன்.

கோடு அற்புதமாக இருந்தது. கன்ட்ரோல் பாயிண்ட்களை மட்டும் காட்டு என்று தட்டினேன். இடதுபக்க ஆழத்தில், ஒரே இடத்தில், பச்சைப் புள்ளிகள் குவியலாகக் கிடந்தன. அழுகின பழத்தில் ஈ மொய்க்கிற மாதிரி. ஒரு குழிக்கு ஒன்றிரண்டு புள்ளி வைத்தால் போதும். இத்தனை வைத்தால் ஒருவன் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் இல்லை இல்லை என்றிருக்கிறது. இவன் ஆமாம் ஆமாம் என்று அதன் வாயை அடைத்திருக்கிறான்.

அசல் படத்தைத் திறந்தேன். புள்ளிகள் மொய்த்த இடத்தில் ஒரு கறுப்புப் பொத்தல். நிழலோ மங்கலோ இல்லை. சிகரெட்டால் சுட்ட துணி மாதிரி விளிம்பு தெரிகிற பொத்தல். மேலேயிருந்து வலது கைக்குச் சேதி இறங்குகிற வழியில், நடுவாசலில் உட்கார்ந்திருந்தது.

படத்தைக் கீழே நகர்த்தினேன். வாய்ப்பகுதியில் ஒரு கறுப்பு நட்சத்திரம் வெடித்திருந்தது. பல்லில் உலோக மூடி போட்டிருந்தால் படத்தில் அப்படித்தான் விழும். படங்களிலிருந்து முகத்தை நீக்கிவிட வேண்டும் என்று விதி உண்டு. நேரமில்லை என்று யாரும் நீக்கவில்லை. பக்கவாட்டில் திருப்பினேன். அந்த மூக்கு. சண்டைக்கு வா என்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முகவாய். எண்ணைப் பிரித்து யாருடையது என்று பெயரைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

எழுந்து நேராகப் பாலிஷிடம் போனேன்.

“இங்க வா. இது என்ன?”

பிஸ்கட்டை மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தான். “ஓ, இவங்களா! சரியான அடம். கோடு உள்ளயே விழுந்துட்டிருந்துச்சு. எத்தனை தடவை ரன் பண்ணேன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா கடைசில எப்படி வந்துச்சு பாரு! வெளிய மாட்டியிருக்கோமே, அது இவங்களோடதுதான்.”

“அசல் படத்தைத் திறந்து பார்த்தியா?”

“பார்த்தேனே. டார்க்கா இருந்துச்சு. அதான் நிரப்பினேன்.”

“டார்க்கா இருந்தா அது என்னன்னு யோசிக்க மாட்டியா நீ?”

“சர்ஃபேஸ் எரர், கோடுதான் தப்பா விழுதுன்னு யோசிச்சேன். நம்ம வேலை அதுதானே? நோய் பார்க்கறது ஸ்கேன் டாக்டரோட வேலை. அவரே இவங்களுக்கு நார்மல்னு குடுத்துட்டாரு. அப்போ அது படத்துல வந்த கோளாறாத்தானே இருக்கணும்? நீ எதுக்கு இப்படிக் குதிக்கற?”

ஒரு நிமிஷம் எனக்கே அது சரியென்று பட்டது. டாக்டர் பார்த்துவிட்டுத்தானே சொல்லியிருக்கிறார்? பிறகுதான் இன்னொரு கேள்வி வந்தது.

“டாக்டருக்குப் படத்தை அனுப்பறது யாரு?”

“நான்தான்.”

“எந்தப் படத்தை அனுப்புவ? அசலா, வெளிச்சமேத்தினதா?”

“ஏத்தினதைத்தான். அசல் மங்கலா இருக்கும். இது பளிச்சுன்னு இருக்கும். மேம்தான் ஒருவாட்டி சொன்னாங்க, வெளிய போற எதுவும் நீட்டா போகணும்னு...”

மெல்லுவதை நிறுத்தினான். வாயோரத்தில் கிரீம் ஒட்டியிருந்தது. அவனுக்கும் இப்போது உறைத்துவிட்டது. கறுப்பில் புள்ளி வைத்தது இவன். அந்தப் புள்ளியால் கம்ப்யூட்டர் அந்த இடத்தை வெளுத்தது. வெளுத்த படத்தை டாக்டரிடம் அனுப்பினான். டாக்டர் வெள்ளையைப் பார்த்து நார்மல் என்றார். நார்மல் என்றதால் இவன் கறுப்பைக் கோளாறு என்று முடிவு கட்டினான். ஒருவன் துப்பியதை இன்னொருவன் விழுங்கி, அவன் துப்பியதை இவன் விழுங்கி, இருவரும் ஏப்பம் விட்டிருக்கிறார்கள்.

“இது எங்க பெரியம்மா,” என்றேன்.

“சே! விளையாடாத.”

“அவங்களுக்குக் கை மரத்துப்போகுது. சூட்டு உருளையில நிக்கறாங்க.”

அவன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டான். “மேம்கிட்ட சொல்லிடலாம்,” என்றான். பிறகு, “நீயே சொல்லிடேன்,” என்றான்.

மேடம் அறையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று மேஜைமேல் இருக்கும், பேனா செருக. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கைக்கு ஏதோ கிரீம் தடவி, விரல் விரலாக நீவிக்கொண்டே கேட்டார். அதுவும் ரோஜா வாசனைதான்.

“உட்காரு கண்ணு. முதல்ல நிதானமா மூச்சு விடு. இது ஆராய்ச்சிக்காக எடுத்த படம். நோய் பார்க்க எடுத்ததில்ல. அவங்க தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“ஏதாவது தெரிஞ்சா சொல்வோம்னும் அதுலதான் போட்டிருக்கு மேடம். அவங்களுக்கு அதைப் படிச்சுக் காட்டினதே நான்தான்.”

“சரி. இது உங்க பெரியம்மான்னு உனக்கு எப்படித் தெரியும்? நம்பரைப் பிரிச்சுப் பார்த்தியா?”

“பல்லைப் பார்த்தேன். மூக்கைப் பார்த்தேன். முகத்தை எடுக்கணும்னு விதி இருக்கு, இங்க யாரும் எடுக்கல.”

“அடையாளம் தேடறதே விதிமீறல் கண்ணு. நான் அதைப் பெரிசு பண்ண விரும்பல.” சிரித்தார். “கட்டுரை கடைசிப் படியில இருக்கு. இதைக் கிளறினா ஒரு படத்தோட நிக்காது. அனுப்பின அத்தனையும் திரும்ப அனுப்பணும், அத்தனை கோட்டையும் திரும்பப் போடணும். பத்திரிகையில ஏத்துக்கட்டும், அப்புறம் எல்லாத்தையும் சாவகாசமா பார்ப்போம். அவங்களை வேணா ஏதாவது டாக்டர்கிட்ட பொதுவா ஒரு செக்கப்புக்குப் போகச் சொல்லேன். படத்தைப் பத்திப் பேசாம.”

“நார்மல்னு சீட்டு வெச்சிருக்காங்க மேடம். அதைக் காட்டித்தான் டாக்டர்கிட்ட போக மாட்டேங்கறாங்க.”

“கட்டுரையில உன் பேரும் இருக்கு, மறந்துடாத. உங்க குடும்பத்துலயே முதல் ஆள் நீ. எவ்வளவு பெருமைப்படுவாங்க!”

என் பெயர். கடைசிக்கு முந்தைய இடத்தில், எலும்புத் துண்டு மாதிரி போட்டு வைத்திருக்கிறார். நான் வாலாட்ட வேண்டும். வெளியே வந்தேன். நடைபாதையில் பெரியம்மாவின் மூளை ஆள் உயரத்துக்குப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினேன்.

சலவைப் பகுதியில் பிளீச்சும் ஈரமும் கலந்து மூக்கைச் சுடும். ஒரு மூலையில் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி. இரத்தமும் சீழும் காய்ந்து விறைத்த விரிப்புகள். எனக்கு அது அருவருப்பாகவே இல்லை. அழுக்கு அழுக்காகவே கிடந்தது, அவ்வளவுதான். பெரியம்மா உருளைக்கு முன்னால் நின்று, ஈரமான விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது கை இரண்டு கை வேலையைச் செய்தது. வலது கை சும்மா கூடவே போய்க்கொண்டிருந்தது.

“என்னடி, படிச்சவளே! வேலை நேரத்துல இங்க என்ன? துரத்திவிட்டுட்டாங்களா?”

“பெரியம்மா, மெஷினை நிறுத்து.”

“என்னது?”

“நிறுத்துன்னேன்!”

அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசையைத் தட்டினாள். நான் பெரியம்மாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நீர் கோத்துக் கொப்புளம் எழும்பியிருந்தது. ஒன்று உடைந்து தோல் சுருண்டு தொங்கியது.

“இது எப்ப சுட்டுச்சு?”

“எது?” என்று குனிந்து பார்த்தாள். கையை முகத்துக்கு அருகே கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தாள். “அட, இது எப்போ?”

அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கத்திச் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன். பொத்தல், புள்ளி, வெள்ளை. பெரியம்மா கைப்பையைத் தேடி எடுத்து, உறை போட்ட சீட்டை இடது கையால் என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

“இதுல என்ன போட்டிருக்கு?”

“அது பொய்.”

“யாரு பொய்? டாக்டர் பொய்யா? நீ டாக்டரா? இரண்டு வருஷம் கம்ப்யூட்டர்ல கோடு போட்டா டாக்டராயிடுவியா? அப்படி ஓட்டை இருந்தா என்னை எதுக்குடி கூட்டிட்டுப் போனே? நீதானே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனே?”

இழுத்துப் போனது நான்தான். அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

“சரி, வா. உங்க மேடத்தையே கேட்டுடுவோம். நீ எப்பவும் கத்துவ. அவங்க தன்மையா சொல்வாங்க.”

அவளுடைய படத்தை அவளே கேட்கலாம். அதில் விதிமீறல் எதுவும் கிடையாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அழைத்துப்போனேன். பெரியம்மாவின் நாக்கை நம்பினேன். மேடம் இன்றைக்குத் தொலைந்தார் என்று நினைத்தேன்.

ஆய்வக வாசலிலேயே பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மேடம் எழுந்து வந்து அவள் தோளில் கைவைத்து, “வாங்கம்மா வாங்க! உங்களாலதான் எங்க வேலையே நடக்குது. உட்காருங்க. கண்ணு, அம்மாவுக்குத் தண்ணி குடு,” என்றார். பெரியம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஊரையே வாயால் வெளுப்பவள், கையைத் துணியில் மறைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லைங்க மேடம். இவதான் ஏதோ... என் படத்தை ஒரு தடவை பார்க்கலாமான்னு...” என்று இழுத்தாள்.

“அதுக்கென்னம்மா! பாலிஷ், அம்மாவோட படத்தைப் பிரிண்ட் எடுத்துக் குடு.”

பாலிஷ் என்னைப் பார்த்தான். பிறகு மேடத்தைப் பார்த்தான். பிறகு நடைபாதையில் மாட்டியிருந்ததையே சின்னதாகப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தான். பளபளவென்று, மடிப்பு மடிப்பாக.

“அய்யோ, இவ்வளவு அழகாவா இருக்கு என் மூளை!” பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்ப நன்றிங்க மேடம். இவ என்னை எப்படிப் பயமுறுத்திட்டா தெரியுமா? சின்னப் பொண்ணு, விவரம் பத்தல.”

“அன்புதான் காரணம்,” என்றார் மேடம்.

அந்த அறையில் அந்த நொடியில் எனக்கு எல்லோர்மேலும் அருவருப்பு வந்தது. மேடத்தின் மேல், பாலிஷ் மேல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து குழைகிற பெரியம்மாவின் மேலும்தான். நான் பாலிஷின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிசுபிசுத்த மவுஸைத் துடைக்கக்கூட இல்லை. பெரிய திரையில் அசல் படத்தைத் திறந்தேன். பொத்தல் திரை நடுவே வந்து நின்றது.

“கண்ணு, எழுந்திரு,” என்றார் மேடம். முதல்முறையாக அந்த வார்த்தையில் தேன் இல்லை. “எழுந்திருன்னு சொன்னேன்.”

“பெரியம்மா, இங்க பாரு.”

அவள் கையிலிருந்த பிரிண்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பிரிண்டைப் பார்த்தாள்.

“அது யாரு?”

“அதுவும் நீதான். உன் கையிலிருக்கறது வெள்ளையடிச்சது.”

அவள் என்னைக் கேட்கவில்லை. மேடத்தையும் கேட்கவில்லை. பாலிஷ் பக்கம் திரும்பினாள். “தம்பி, இதைப் பண்ணது நீயா?”

“ஆமாம்மா. கோடு உள்ள போச்சு... கோளாறுன்னு நெனச்சு...”

“இந்தக் கறுப்பை நீ பார்த்தியா, பார்க்கலையா?”

அவன் மேடத்தைப் பார்க்கவில்லை. அதை மட்டும் அவன் கணக்கில் எழுதலாம். “பார்த்தேம்மா,” என்றான்.

“பார்த்துட்டுச் சும்மா இருந்தியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியம்மா எழுந்தாள். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா அவரைத் தாண்டிக்கொண்டு போய்ச் செருப்பை மாட்டினாள். வலது கால் செருப்புக்குள் உடனே நுழையவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். கதவை மூடும்போது மேடம் யாரிடமோ என் அடையாள அட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

ஸ்கேன் டாக்டரின் அறை ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், விளக்கில்லாமல் இருக்கும். வெளியே காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கவில்லை. எண்ணைச் சொல்லி, “இது உங்களுக்கு வந்த படம். இவங்களுக்கு அன்னிக்கு எடுத்த அசலை இப்போ திறந்து பாருங்க. உங்க மெஷின்லயே இருக்கும்,” என்றேன்.

எரிச்சலோடுதான் திறந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு அவர் செய்த முதல் காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் பக்கம் திரும்பவில்லை. “அந்தச் சீட்டுல என் கையெழுத்து இருக்கா?” என்று கேட்டார். பெரியம்மா கைப்பையைத் திறந்து, உறையோடு நீட்டினாள். பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவளைப் பார்த்தார்.

“இங்க வந்து நில்லுங்கம்மா. இரண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பார்க்கட்டும். ஆங். இப்போ கண்ணை மூடுங்க. அப்படியே வெச்சிருங்க.”

பெரியம்மா கண்ணை மூடினாள். இடது கை அப்படியே நின்றது. வலது கை உட்பக்கமாகத் திரும்பி, எதையோ கீழே வைக்கப் போகிற மாதிரி, மெல்ல மெல்ல இறங்கியது.

“இரண்டும் நேராத்தானே இருக்கு?” என்று கண்ணை மூடியபடியே கேட்டாள்.

கை இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்றே அவளைப் படுக்கையில் சேர்த்தார்கள். இரத்த அழுத்தம் உச்சத்தில் இருந்ததாம். பொத்தல் பழையது, சின்னதாக ஒரு பக்கவாதம் சத்தமில்லாமல் வந்துபோயிருக்கிறது; சீட்டைத் தூக்கிக்கொண்டு இப்படியே இன்னும் கொஞ்சநாள் அலைந்திருந்தால் பெரிதாக வந்திருக்கும் என்றார்கள். ஸ்கேன் டாக்டர் தன் கையெழுத்துக்குப் பயந்தோ எதற்கோ, நார்மல் என்று கொடுத்த அத்தனை பேரின் அசல் படத்தையும் கேட்டு வாங்கினார். பயத்தில் செய்தாலும் செய்தார். அந்தக் குவியலில் இன்னும் யாருடைய தலையெல்லாம் இருந்ததென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். பாலிஷ்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்புகிறானாம். அவனே போன் பண்ணிச் சொன்னான். பிஸ்கட் சத்தம் கேட்கவில்லை.

எனக்கு அங்கே வேலை இல்லை. அடையாளம் தேடியதற்காக. பெரியம்மாவின் எண்ணையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் என்று இருந்த இடத்தில் மேடம் எழுதச் சொன்னது: ‘படத்தரம் குறைவு.’ பாலிஷ் அதைச் சொன்னபோது நான் போனை வைத்துவிட்டுப் போய் வாய் கொப்பளித்தேன். நடைபாதைப் படத்தை மட்டும் கழற்றவில்லையாம். அழகாக இருக்கிறதே.

பெரியம்மா இப்போது உருளைப் பக்கம் போவதில்லை. தினமும் மாத்திரை, கைக்குப் பயிற்சி. மென்மையான ரப்பர் பந்து ஒன்றை வலது கையால் அமுக்க வேண்டும். சாயங்காலம் நான்தான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். அவள் அலமாரிக் கதவில் அந்தப் பளபளப்புப் பிரிண்டை ஒட்டி வைத்திருக்கிறாள்.

“அதைக் கிழிச்சுப் போடு பெரியம்மா. பார்க்கும்போதெல்லாம் குமட்டுது.”

“இருக்கட்டும்டி. உன் கறுப்புப் படத்தைப் பார்த்தா எனக்குச் சாப்பாடே இறங்கல. இது பார்க்க லட்சணமா இருக்கு.”

“பொய் அது.”

“பொய்தான். எனக்குத் தெரியாதா?” பந்தைப் பார்த்தாள். அவள் விரல்கள் அதைச் சுற்றி வளைந்திருந்தன. சூட்டுத் தழும்பு இரண்டு விரலிலும் பளபளத்தது.

“அமுக்கு,” என்றேன்.

“அமுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பந்து அப்படியே உருண்டையாக இருந்தது. அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, கையைக் காட்டினேன்.

“இங்க பாரு. இன்னும் அமுக்கல. திரும்ப அமுக்கு.”

பெரியம்மா என்னை நல்ல வார்த்தையில் ஒரு பாட்டம் திட்டினாள். திட்டிக்கொண்டே குனிந்து, தன் கையைப் பார்த்தபடி, திரும்ப அமுக்கினாள்.